கொன்ஸ்தான்ஸியாவின் வெள்ளை வைன்

மாளிகாவத்தையிலிருந்து பஞ்சிகாவத்தையைக் கடந்து, அளுத்கடை மேட்டில் ஏறி, நீதிமன்றங்களின் ஜனநெரிசலைப் பின்னே விட்டுக் கொட்டாஞ்சேனைப் பக்கமாக நடந்து செல்பவர், ஒல்லாந்தர் 1749 ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கி 1757 ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்த வுல்வெண்டால் தேவாலயத்தின் கனத்த சுவர்களுக்கு முன்னே போய்ச் சேர்வார். அந்த நடையில் அவர் கால்வைக்கும் இடமெல்லாம் ஒல்லாந்தருடைய சரித்திரம் படிந்து கிடக்கிறது. ஹல்ஸ்டோர்ப் என்று இன்றும் வழங்கும் அந்த மேடு, போர்த்துக்கேயர் வசமிருந்த கொழும்பு முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில் ஜெராட் ஹல்ஃப்ற் என்னும் ஒல்லாந்தச் சேனாபதி பாளயமிறங்கிய இடம். 1656 ஏப்ரலில் அவர் குண்டடிபட்டு மாண்டார். மே 12 ஆம் திகதி கோட்டை அவருடைய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்கு வந்தது. அன்று முதல் ஏறக்குறைய நூற்று நாற்பது வருஷங்கள் கொழும்பு நகரம் ஒரு நீண்ட கடற்பாதையின் இடைத்தரிப்பாக இருந்தது. அப்பாதையின் ஒரு முனை ஜாவாத் தீவின் பத்தாவியா, மறுமுனை அம்ஸ்டர்டாம். இரண்டுக்கும் நடுவே கப்பல்கள் கட்டாயமாக நின்று தண்ணீரும் காய்கறியும் ஏற்றிச்சென்ற துறை ஆபிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனை. அந்த முனையில் விளைந்து, ஒரு காலத்தில் உலகத்தின் ராஜாக்களெல்லாம் விரும்பித் தருவித்து, பின்னர் முற்றாக அழிந்து, நம்முடைய தலைமுறையில் மறுபடியும் உயிர்பெற்ற ஒரு வெள்ளை வைனைப் பற்றியே இங்கே எழுதப் புகுகிறேன்.

மாளிகாவத்தையில் வாழ்வோரில் பெரும்பாலார் முஸ்லிம்கள். அவர்களுக்கு இந்தப் பானம் விலக்கப்பட்டது. பல தலைமுறையாக அந்த விலக்கைக் காத்துவரும் ஒரு பேட்டையைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு வைனின் சரித்திரத்தைச் சொல்வது பொருத்தமா என்று வாசகர் கேட்கலாம். பொருத்தமே என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் இந்தச் சரித்திரம் பருகியவர்களுடையது மாத்திரமன்று. இந்தக் கடற்பாதையில் கொல்லப்பட்டவர்களும், விற்கப்பட்டவர்களும், தம் மார்க்கத்துக்காக நாடு கடத்தப்பட்டவர்களும் இதில் இருக்கிறார்கள். பின்னே வரப்போகும் ஒரு ஞானியின் கதை மாளிகாவத்தையின் மலாய்க் குடும்பங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

முதலில் பழத்தைச் சொல்லவேண்டும். மஸ்கட் என்ற பொதுப்பெயரில் வழங்கும் திராட்சைகள் ஒரு பெரிய குடும்பம். அதில் மிகப் பழமையானதும் மேன்மையானதும், சிறிய உருண்டை மணிகள் நெருக்கமாகத் திரண்ட குலையையுடைய வெள்ளை மஸ்கட் ஆகும். பிரான்சின் தென்கரையிலுள்ள புரொந்தின்யான் என்னும் ஊரின் பெயராலும் அது அழைக்கப்படுகிறது. மற்றத் திராட்சைகளில் பெரும்பாலானவை வைனாக மாறும்போது தம் பழவாசனையை இழந்து வேறொரு வாசனையைப் பெறுகின்றன. மஸ்கட்டோ பழமாக இருந்தபோது எப்படி மணத்ததோ அப்படியே கிண்ணத்திலும் மணக்கிறது. அந்த மணத்தின் மூலப்பொருள்களில் இரண்டை இரசாயன சாஸ்திரிகள் லினலூல், ஜெரானியோல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். முன்னது நம் கொத்தமல்லி விதையின் வாசனைக்குக் காரணமானது. பின்னது ரோஜாவிலும், இலங்கையின் தெற்கிலே வடித்தெடுக்கப்படும் சிற்றனெல்லா எண்ணெயிலும் உள்ளது. ஆகவே வைன் என்பதையே அறியாத ஒருவர் இதை முதன்முறை முகர்ந்தாலும், எங்கோ முன்பு அறிந்த ஒன்றை எதிர்கொண்டதுபோல் உணர்வது இயற்கை.

இப்பழத்திலிருந்து நன்னம்பிக்கை முனையின் கொன்ஸ்தான்ஸியா என்ற தோட்டத்தில் இறக்கப்பட்ட வைனைப் பற்றி ஐரோப்பியர் நிறைய எழுதியிருக்கிறார்கள். நெப்போலியன் சென்ற் ஹெலெனா தீவில் சிறைப்பட்டிருந்த காலத்தில் அதைத் தருவித்துக் குடித்தான் என்பதும், ஜேன் ஒஸ்ரின் 1811 ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலில் மனம் நொந்த பெண்ணுக்கு அது மருந்தாகச் சிபாரிசு செய்யப்படுகிறது என்பதும், போதலேயரும் டிக்கன்ஸும் அதைக் குறிப்பிட்டுள்ளார்கள் என்பதும் அந்த எழுத்துக்களில் தவறாமல் வரும். இவையெல்லாம் உண்மையே. ஆனால் அந்தத் தோட்டத்தை உண்டாக்கியவன் யார், அவனுடைய இரத்தம் எந்தக் கரைகளிலிருந்து வந்தது, அவனுடைய தகப்பன் எந்த மண்ணில் விழுந்தான் என்ற வினாக்களை, கொழும்பில் இருந்துகொண்டு இந்த வைனை அறிய விரும்பும் நாம் கேட்காமல் விடுவோமாயின், நம்முடைய சரித்திரத்தில் ஒரு பகுதியைப் பிறர் மேசையில் வைத்துவிட்டு வந்தவர்களாவோம்.

யான் வான் றீபேக் என்பவன் நன்னம்பிக்கை முனையில் கம்பனியின் தரிப்பிடத்தை ஸ்தாபித்தது 1652 ஆம் ஆண்டில். கப்பல்களில் சொறிகரப்பான் நோய் மாலுமிகளைக் கொன்றுகொண்டிருந்ததால், காய்கறியும் பழமும் விளைவிப்பதே அத்தரிப்பிடத்தின் முதல் நோக்கம். 1655 இல் அவன் முந்திரிகைக் கொடிகளை நட்டான். 1657 இல் கம்பனியின் விசாரணை அதிகாரியாக ரைக்லொஃப் வான் கூன்ஸ் அங்கே இறங்கி, ஊழியத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஒல்லாந்தர் நிலத்தைப் பண்படுத்துவதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்தான். இந்த வான் கூன்ஸ் நமக்குப் புதியவனல்லன். அங்கிருந்து வந்து மறு வருஷம் மன்னாரையும், பின்பு ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையையும், அதன்பின் நாகபட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவன் அவனே. யாழ்ப்பாணம் வீழ்ந்து எட்டு மாதங்கள் கூட நிரம்பாத 1659 பெப்ரவரி 2 ஆம் திகதி, முனையின் திராட்சையிலிருந்து முதன்முதலாக இரசம் பிழிந்ததை வான் றீபேக் தன் தினக்குறிப்பில் தெய்வத்துக்கு நன்றி கூறி எழுதி வைத்தான். அன்று பிழியப்பட்ட பழங்களுள் மஸ்கட் இருந்தது என்பதும் அக்குறிப்பிலேயே உள்ளது.

இனி, கொன்ஸ்தான்ஸியாத் தோட்டத்தை உண்டாக்கியவனுடைய தகப்பனின் கதை. அட்ரியான் வான் டெர் ஸ்டெல் என்னும் ஒல்லாந்தன் மொரீசியஸ் தீவுக்கு அதிகாரியாகப் போய்க்கொண்டிருந்த கப்பலில், நடுக்கடலில், 1639 ஒக்டோபர் 14 ஆம் திகதி அவனுக்கு ஒரு மகன் பிறந்தான்; சீமோன் என்று பெயரிட்டார்கள். ஐந்தாறு வருஷங்கள் மொரீசியஸில் இருந்தபின் அட்ரியான் இலங்கைக்கு அனுப்பப்பட்டான். அப்போது இலங்கை நிலைமை மிகவும் சிக்கலானது. போர்த்துக்கேயரை ஓட்டுவதற்காகக் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் 1638 இல் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்திருந்தான். ஆனால் பிடிக்கப்பட்ட காலியையும் நீர்கொழும்பையும் ஒல்லாந்தர் அரசனிடம் ஒப்புவிக்காமல் தாமே வைத்துக்கொண்டதோடு, கறுவா விளையும் கோறளைகளிலும் தம் படைகளை நிறுத்தத் தொடங்கினர். வாக்குத் தவறிய நண்பன் பகைவனைவிடக் கொடியவன் என்று கண்ட அரசன், ஏழு கோறளைப் பகுதியில் அணிவகுத்துச் சென்ற ஒரு படையை 1646 மே மாதத்தில் மறித்து நிர்மூலமாக்கினான். அப்படைக்குத் தலைமை தாங்கியவன் அட்ரியான். அவனுடைய தலை அறுக்கப்பட்டு ஒல்லாந்தரிடம் அனுப்பப்பட்டது. சீமோனுக்கு அப்போது ஆறு வயது.

மகனுக்குத் தகப்பன் வழியில் கிடைத்தது இந்த மரணமானால், தாய் வழியில் கிடைத்தது வேறொரு கரை. சீமோனின் தாய் மரியா லீவன்ஸ். அவளுடைய தாய் மோனிக்கா என்பவள் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற இந்தியப் பெண். அவளைக் கரையைச் சேர்ந்த மோனிக்கா என்றே ஒல்லாந்தப் பதிவேடுகள் கூறுகின்றன. அவளுடைய தாய்மொழி எது, குலம் எது, எந்தக் கடற்கரைச் சந்தையில் எத்தனை காசுக்கு அவள் விற்கப்பட்டாள் என்பவற்றை எழுதிவைக்க வேண்டுமென்று அக்காலத்தில் எவனுக்கும் தோன்றவில்லை. ஆயினும் அவளுடைய பேரன்தான் 1679 இல் நன்னம்பிக்கை முனையின் அதிபதியாக வந்திறங்கி, ஸ்டெலன்பொஷ் என்ற ஊருக்குத் தன் பெயரையே வைத்து, தென்னாபிரிக்காவின் வைன் தொழிலுக்குப் பிதா என்று இன்றும் போற்றப்படுகிறான். பிற்காலத்தில் அதே தேசத்தில் மனிதரை நிறத்தால் பிரித்துச் சட்டமியற்றியவர்கள் அவனைத் தம் முன்னோர்களுள் ஒருவனாகக் கொண்டாடி, அவனுடைய பாட்டியைப் பற்றிப் பேசாமலிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமே மேலிடுகிறது.

சீமோனுக்குக் கொன்ஸ்தான்ஸியா நிலத்தை 1685 ஆம் ஆண்டில் மானியமாகக் கொடுத்தவனும் நம் பிரதேசத்தோடு நெருங்கிய சம்பந்தம் உடையவன். அவன் ஹென்ட்றிக் அட்ரியான் வான் றீட்; மலையாளக் கரையில் கம்பனியின் தலைவனாயிருந்தபோது, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும் கொங்கணிப் பிராமண பண்டிதர் மூவரையும் துணையாகக் கொண்டு, அத்தேசத்து மூலிகைகளையெல்லாம் பன்னிரண்டு பெரிய புத்தகங்களில் தொகுப்பித்த ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ் என்னும் கிரந்தத்தின் கர்த்தா. கம்பனியின் ஊழல்களை விசாரிக்க ஆணைபெற்றுப் புறப்பட்ட அவன் முதலில் முனையில் இறங்கி, அங்கே சீமோனுக்கு எழுநூற்றறுபது ஹெக்டேருக்கு மேற்பட்ட பள்ளத்தாக்கு நிலத்தை அளித்துவிட்டு, பின்பு இலங்கைக்கும் வங்காளத்துக்கும் சோழமண்டலத்துக்கும் பிரயாணம் செய்தான். சோழமண்டலத்தின் தலைமைக் காரியாலயம் 1690 இல் பழவேற்காட்டிலிருந்து நாகபட்டினத்துக்கு மாற்றப்பட்டது அவனுடைய தீர்மானம். அதே வருஷத்தில் யாழ்ப்பாணத்து நல்லூரில் சுதேச வாலிபர்களைப் போதகர்களாகப் பயிற்றும் வித்தியாலயம் ஒன்றை ஏற்படுத்தியவனும் அவனே. மறு வருஷம் சூரத்துக்குச் செல்லும் வழியில் கடலிலேயே இறந்தான். நல்லூரின் பாடசாலையும் கொன்ஸ்தான்ஸியாவின் முந்திரிகைத் தோட்டமும் ஒரே மனிதனுடைய ஒரே பிரயாணத்தின் விளைவுகள் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

சீமோன் தன் தோட்டத்தைப் பொறுமையோடு அமைத்தான். அந்தப் பள்ளத்தாக்கில் கருங்கல் உக்கிய மண்ணும், போலிக் குடாவிலிருந்து கோடைகாலத்தில் வீசும் குளிர்ந்த தென்கீழ்க் காற்றும் சேர்ந்து, பழம் அவசரப்பட்டுப் பழுத்துவிடாதபடி காத்தன. குலைகளைக் கொடியிலேயே விட்டு, மணிகள் சுருங்கி, உள்ளிருக்கும் நீர் வற்றிச் சர்க்கரை செறியும்வரை காத்திருந்து பறிப்பதே அங்கே கையாண்ட முறை. அப்படிக் காத்திருப்பதில் நஷ்டம் அதிகம். பறவைகளும் பூஞ்சணமும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சியவற்றிலிருந்து இறங்கும் சாறும் சொற்பம். ஆனால் அந்தச் சொற்பச் சாறு பொங்கித் தணிந்தபின் கிடைக்கும் இனிய வைன், மற்ற வைன்களுக்கு இல்லாத ஒரு பலத்தைப் பெற்றிருந்தது. ஐரோப்பாவிலிருந்து பூமத்தியரேகையைக் கடந்து வந்த மெல்லிய வைன்கள் பீப்பாய்க்குள்ளேயே புளித்துப்போய்க் காடியாகிவிடும். செறிந்த சர்க்கரையும் நல்ல புளிப்பும் கொண்ட இந்த வைனோ, மாதக்கணக்கான கடற்பிரயாணத்தையும் உஷ்ணத்தையும் தாங்கியது. பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் வந்த கப்பல்களில் முனையின் வைன் பீப்பாய்கள் ஏற்றப்பட்டன. கோட்டைக்குள்ளிருந்த ஒல்லாந்த உத்தியோகத்தரிற் பெரும்பாலோர் அன்றாடம் நாடியது இந்நாட்டுச் சாராயத்தையே. நல்ல வைன் தேசாதிபதியின் விருந்துக்கும் திருவிருந்துக்கும் உரியது.

இந்த இடத்தில் அந்த ஞானியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஷெய்க் யூஸுப் என்பவர் செலெபெஸ் தீவின் கோவா ராஜ்யத்தில் 1626 இல் பிறந்து, மக்கமாநகரிலும் பிற இடங்களிலும் கல்வி கற்று, ஜாவாவின் பந்தம் சுல்தானுக்குத் துணைநின்று ஒல்லாந்தரை எதிர்த்துப் போர் செய்தவர். 1683 இல் பிடிபட்டு, மறு வருஷம் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். நாடு கடத்தினால் அவருடைய குரல் அடங்கிவிடுமென்று கம்பனியார் நினைத்தது நடக்கவில்லை. இந்தத் தீவில் கழித்த பத்து வருஷங்களில் அவர் மார்க்க ஞானத்தைப் பற்றிப் பல நூல்களை எழுதினார். ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பும் யாத்திரிகர்கள் வழியில் இலங்கையில் இறங்கி அவரைத் தரிசித்து, அவர் எழுதியவற்றைத் தம் தீவுகளுக்கு எடுத்துச் சென்றார்கள். இதைக் கண்டு அஞ்சிய கம்பனியார் 1694 இல் அவரை, நாற்பத்தொன்பது பேர் கொண்ட பரிவாரத்தோடு, இன்னும் தூரமான நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினர். அங்கே அவரை வரவேற்ற தேசாதிபதி சீமோன் வான் டெர் ஸ்டெல். இலங்கையில் தகப்பனை இழந்தவனும், இலங்கையிலிருந்து துரத்தப்பட்டவரும் அவ்வாறு எதிரெதிரே நின்றார்கள். நகரத்திலிருந்து விலகிய ஒரு பண்ணையில் அவரை வைத்தார்கள். ஓடிவந்த அடிமைகள் அங்கே அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். 1699 இல் அவர் காலமானார். தென்னாபிரிக்க இஸ்லாத்தின் முதல் ஆசான்களுள் ஒருவராக மதித்து இன்றும் அவருடைய அடக்கஸ்தலமாகிய ஸியாரத்துக்கு ஜனங்கள் திரளாகச் செல்கிறார்கள். கொன்ஸ்தான்ஸியாவிலும், சின்னக் கொன்ஸ்தான்ஸியா என்ற தோட்டத்துக்குச் செல்லும் வாயிலருகிலேயே, அதற்கு முன்பே சுமாத்திராவிலிருந்து நாடு கடத்தப்பட்ட ஷெய்க் அப்துர்ரஹ்மான் மதேபே ஷாவின் ஸியாரம் இருக்கிறது. வைன் வாங்கப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகவேண்டும்.

தோட்டத்தில் மண்வெட்டியவர்கள் யார் என்பதையும் மறைக்கலாகாது. 1652 முதல் 1808 வரை முனைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள்; அவர்களுள் ஏறக்குறையக் கால்வாசியினர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவர்கள் என்று சரித்திராசிரியர்கள் கணக்கிட்டுள்ளனர். சொந்தப் பெயர்கள் பறிக்கப்பட்டு, ஒல்லாந்தரிட்ட பெயரோடு சிலோன், கொழும்பு, மலபார், கொறமண்டல் என்று புறப்பட்ட இடத்தின் பெயர் மாத்திரம் ஒட்டப்பட்டு அவர்கள் பதிவேடுகளில் நிற்கிறார்கள். கொடி கட்டியதும், குலை அறுத்ததும், பிழியும் தொட்டியில் மிதித்ததும் அத்தகையோர் கைகளும் கால்களுமே. சீமோன் 1712 இல் கொன்ஸ்தான்ஸியாவிலேயே இறந்தபின் தோட்டம் மூன்றாகப் பிரித்து விற்கப்பட்டது; பெரிய பகுதியை வாங்கிய ஓலொஃப் பெர்க் என்பவனுடைய மனைவி அன்னா டி கோனிங், வங்காளத்து அஞ்சலா என்ற அடிமைப்பெண்ணின் மகள். கணவன் மறைந்தபின் 1724 முதல் பத்து வருஷங்கள் அவளே அதன் சொந்தக்காரியாயிருந்தாள். அடிமையின் மகள் ஆண்ட தோட்டத்திலும் அடிமைகளே வேலை செய்தார்கள். அக்காலத்தின் கொடுமை அவ்வளவு ஆழமானது.

தோட்டத்தின் மகோன்னத காலம் 1778 இல் ஹென்ட்றிக் க்ளூட்டே அதை வாங்கியபின் வந்தது. கொடிகளைப் புதுப்பித்து, 1791 இல் ஒரு பெரிய வைன் மண்டபத்தைக் கட்டி, அதன் முகப்பில் அன்ரன் அன்றைத் என்ற சிற்பியைக்கொண்டு கிரேக்கப் புராணத்துக் கானிமீட்டின் உருவத்தைச் செதுக்குவித்தான். 1795 இல் ஆங்கிலேயர் முனையைப் பிடித்தனர். 1796 பெப்ரவரியில் கொழும்பையும் பிடித்தனர். ஒரே யுத்தத்தில் ஒரே கொடியின் கீழ் வந்த இவ்விரு துறைகளுக்கும் அதன்பின் வந்த கதி வேறு. இங்கிலாந்து தன் குடியேற்ற வைன்களுக்குக் கொடுத்த சுங்கச் சலுகை கொன்ஸ்தான்ஸியாவை உயர்த்தியது. பிரெஞ்சு வைன்களுக்குக் கதவு திறந்து, அந்தச் சலுகை 1860 ஐ ஒட்டி அறவே நீங்கியபோது வியாபாரம் சரிந்தது. 1859 இல் வெண்பூஞ்சண நோய் வந்தது. வேரைத் தின்னும் ஃபைலொக்சிறா என்ற பூச்சி 1886 இல் முனையில் காணப்பட்டது. அதற்கு முந்திய வருஷமே கடனில் மூழ்கிய க்ளூட்டே குடும்பம் தோட்டத்தை அரசாங்கத்துக்கு விற்றுவிட்டது. இருநூறு வருஷங்கள் வாழ்ந்த அந்த வைன் பெயராக மாத்திரம் மிஞ்சியது.

இவ்வளவு நெருங்கிய உறவிருந்தும் இந்தக் கொடி ஏன் நம் மண்ணில் வேரூன்றவில்லை என்ற வினா இயல்பாக எழும். கொழும்பைப் பொறுத்தமட்டில் விடை எளிது. முந்திரிகைக் கொடிக்கு வருஷத்தில் ஒரு முறையாவது உறக்கம் வேண்டும். குளிர்தேசங்களில் பனிக்காலம் அந்த உறக்கத்தைக் கொடுக்கிறது. இரண்டு பருவமழையாலும் நனையும் கொழும்பிலோ கொடி ஓய்வின்றித் தழைத்து, பூஞ்சணம் பிடித்து, கனி தராமலே களைத்துப்போகும். யாழ்ப்பாணத்தின் நிலைமை வேறு. அங்குள்ள சுண்ணக்கல் நிலமும், நீண்ட வறட்சிக் காலமும், கிணற்றுப் பாசனமும் கொடிக்கு அனுகூலமானவை. வடமாகாணத்தில் 1829 முதல் 1867 வரை அரசாங்க ஏஜண்டாயிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் என்ற ஆங்கிலேயர், கொடியின் வேர்களைத் தோண்டி வெளிப்படுத்திச் சூரிய வெப்பத்தில் சிறிது காலம் காய விட்டு, மீண்டும் மண்ணிட்டு எருவிட்டு நீரூற்றும் உபாயத்தைக் கையாண்டார். குளிர் கொடுக்கவேண்டிய உறக்கத்தை வெயிலைக்கொண்டு கொடுத்த இச்செயலை 1859 இல் எமேர்சன் ரெனன்ற் தம் இலங்கை நூலில் வியந்து குறித்திருக்கிறார். அதன்பின் யாழ்ப்பாணத்து முற்றங்களிலும் தோட்டங்களிலும் பந்தலிட்டுப் படரவிட்ட முந்திரிகை, உண்ணும் பழமாகவே பிரசித்தி பெற்றது. அதிலிருந்து இரசம் இறக்கும் காரியத்தைக் கைக்கொண்டவர்கள் துறவிகளே. அருட்திரு தோமஸ் அடிகளார் 1928 இல் தோலகட்டியில் ஸ்தாபித்த செபமாலைத் தாசர் சபையார், தம் தோட்டத்துப் பழத்திலிருந்து திருப்பலிக்கான இரசத்தைத் தயாரித்தார்கள். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைத் தமிழர் வீடுகளில் ரொசாறியன் வைனும் நெல்லி இரசமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அன்பளிப்பாக வைக்கப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். மெழுகுவர்த்தி ஒளியில் பலிபீடத்துக்கு ஏறுவதற்கென்று நம்மவர் கைகளால் இறக்கப்பட்ட அந்த எளிய இரசத்தை, ராஜாக்கள் குடித்த வைனுக்குத் தாழ்ந்ததாக நான் கருதவில்லை.

கொன்ஸ்தான்ஸியா மறுபிறவி எடுத்தது சென்ற நூற்றாண்டின் இறுதியில். பழைய தோட்டத்திலிருந்து பிரிந்த பகுதியாகிய சின்னக் கொன்ஸ்தான்ஸியாவை 1980 இல் டக்கி யூஸ்டே என்பவர் வாங்கினார். ஸ்டெலன்பொஷ் சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் கிறிஸ் ஓர்ஃபரின் ஆலோசனைப்படி, பழைய வம்சத்தைச் சேர்ந்தவை என்று கருதப்பட்ட வெள்ளை மஸ்கட் கொடிகளைத் தேர்ந்து நட்டார்கள். கொடியிலேயே சுருங்க விட்டுப் பறிக்கும் பழைய முறையை ரொஸ் கவர் என்ற வைன் வல்லுநர் மீண்டும் கையாண்டார். 1986 ஆம் ஆண்டுப் பழத்திலிருந்து இறங்கிய முதல் வைன், வான் டெ கொன்ஸ்தான்ஸ் என்ற பெயருடன், பழங்காலக் குப்பியின் வடிவத்தைத் தழுவிய அரை லீற்றர்க் குப்பியில் 1990 இல் வெளிவந்தது. பெரிய கொன்ஸ்தான்ஸியாவும் 2003 முதல் தன் இனிய வைனைத் திரும்ப இறக்கத் தொடங்கிற்று.

அதைப் பருகுவோருக்கு இரண்டொரு வார்த்தை. இது தாகம் தணிக்கும் பானமன்று. உணவின் முடிவில், சிறு கிண்ணத்தில், இரண்டு மூன்று மிடறுகளுக்கு மேற்படாமல் அருந்த வேண்டியது. கொழும்பின் அறை வெப்பத்தில் அதன் இனிப்பு கனத்து நாக்கில் படிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு பாகை அளவுக்குக் குளிர்வித்தால்தான் அடியிலுள்ள புளிப்பு எழுந்து இனிப்பைத் தூக்கி நிறுத்தும். மிகையாகக் குளிர்ந்தாலோ வாசனை அடங்கிவிடும். முதலில் பொன்னிறத்தைப் பார்க்கவேண்டும். பின்பு முகரும்போது தோடம்பழத் தோல், தேன், உலர்ந்த அப்ரிகொட், சற்றே இஞ்சி என ஒவ்வொன்றாக வாசனைகள் வெளிப்படும். வருஷங்கள் செல்லச் செல்ல நிறம் கறுத்து, வாசனையும் ஆழ்ந்துபோகும். நம் ஊரில் இதற்கு இணையான தின்பண்டம், பறங்கியர் வீடுகளில் நத்தார் காலத்தில் ரவையும் கஜூவும் தேனும் பன்னீரும் சேர்த்துச் செய்யும் லவ் கேக் என்பது என் துணிபு. பன்னீரில் இருப்பதும் மஸ்கட்டில் இருப்பதும் ஒரே ரோஜா வாசனையாதலால், ஒன்று மற்றதை மறைக்காமல் இரண்டும் நீடிக்கின்றன. கறுவா தூக்கலாகவுள்ள பலகாரங்கள் இதற்கு ஒவ்வா.

விலை உயர்ந்த இந்தக் குப்பியைத் தொடக்கத்திலேயே தேடிச் செல்லவும் தேவையில்லை. இதே சிறுமணி வெள்ளை மஸ்கட்டிலிருந்து இத்தாலியின் வடமேற்கிலுள்ள அஸ்தியில், மதுசாரம் ஐந்து வீதத்தைச் சற்றே கடந்த, இலேசாக நுரைக்கும் மொஸ்காத்தோ இறக்கப்படுகிறது. பழத்தின் வாசனையைக் கலப்பில்லாமல் அறிவதற்கு அதைப்போல் ஏற்றது வேறில்லை. அதன்பின் கிரேக்கத்துச் சாமோஸ் தீவின் வைனையோ, பொங்குதலை நடுவில் நிறுத்த மதுசாரம் சேர்க்கும் தென்பிரான்சின் போம் டெ வெனீஸ் வைனையோ அருந்திப் பார்த்தால், வெயிலும் சர்க்கரையும் செறியும்போது அந்த வாசனை எவ்வாறு மாறுகிறது என்பது விளங்கும். இவற்றை ஒரு வருஷகாலம் நிதானமாகப் பழகியவருக்குக் கொன்ஸ்தான்ஸியாவின் தனிக்குணம், அதாவது வெளியிலிருந்து மதுசாரம் சேர்க்காமல் கொடியில் வற்றிய பழத்தின் செறிவையே நம்பி நிற்பது, முதல் மிடற்றிலேயே புலப்படும். திறந்த குப்பியை நன்றாக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரங்கள் கெடாமல் இருக்கும். திறவாத குப்பியைப் பல வருஷங்கள் வைத்திருக்கலாம், ஆனால் கொழும்பின் வெக்கை படாத இடமொன்றை அதற்குத் தேடிக்கொள்ள வேண்டும்.